மாடிப்படிக்கு அடியில ஒரு சைக்கிள்

மொதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். பொண்ணு பத்தாவது பாஸ் பண்ணினதும் ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். கொடுத்தேனே தவிர ஓட்ட விடலை. "மெயின் ரோட்டுக்குப் போகாதே, பஸ்காரன் கண்ணு மண்ணு தெரியாம வருவான்"னு சொல்லிச் சொல்லியே, அது மாடிப்படிக்கு அடியில துருப்பிடிச்சுப் போச்சு.

அப்புறம் காலேஜ். கேட்டிலிருந்து அவ டிபார்ட்மெண்ட் ஒண்ணரை கிலோமீட்டர். "உள்ளேதானேப்பா, சைக்கிள்ல போறேனே"ன்னா. போய்ப் பார்த்தேன். பிளாட்பாரம் பூரா பைக் நிக்குது. பிள்ளைங்க நடு ரோட்டுல நடக்குதுங்க. பின்னாடியே காலேஜ் பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டு வருது. பயந்து போய் ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்துட்டேன். அந்தக் கூட்டத்துல என் பங்குக்கும் ஒரு வண்டி!

இப்போ அவ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட டேவிஸ் வளாகத்துல எம்.எஸ். படிக்கறா. போன வருஷம் நானும் தங்கமணியும் போயிருந்தோம். பத்து நிமிஷம் ஒரு பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். கிளாஸ் விட்டதும் ஆத்து வெள்ளம் மாதிரி சைக்கிள்கள். அதுல ஒண்ணுல என் பொண்ணு. எனக்கு என்னமோ தொண்டை அடைச்சுது.

காரே கதின்னு கிடக்கற அமெரிக்காவுல இது எப்படி? எமில் ம்ராக் சான்சலரா இருந்த காலத்துலேயே (1959-69) சைக்கிளை மனசுல வெச்சுத்தான் வளாகத்துக்குத் திட்டம் போட்டிருக்காங்க. 1967-ல டேவிஸ் ஊர்க்காரங்களும் ரோட்டுல சைக்கிளுக்குன்னு தனியா கோடு போட்டாங்க. இன்னிக்கும் வளாகத்தோட நடுப்பகுதியில சும்மா கார் ஓட்டிக்கிட்டுப் போக முடியாது. ஓரமா நிறுத்திட்டு நடக்கணும். சைக்கிள்கள் கூடற இடத்துல சிக்னல் கிடையாது, குட்டி ரவுண்டானாதான். உள்ளே இருக்கறவங்களுக்கு வழி விட்டுட்டு நுழையணும்.

ஆசை யாரை விட்டது? அவ சைக்கிளை வாங்கி நானும் ஓட்டினேன். நம்ம ஊர்ப் பழக்கத்துல ரவுண்டானாவை இடது பக்கமா சுத்தப் போய், எதிர்ல வந்த நாலு பசங்களும் பிரேக் அடிக்க... "அப்பா, இப்போ நான்தான் உங்களைப் பார்த்துப் பயப்படணும்"னு சிரிக்கறா.

"நம்ம வெயிலுக்கு ஒத்து வருமா"ம்பீங்க. டேவிஸ்ல கோடைக்காலத்துல 38 டிகிரி சாதாரணம். நிழலுக்கு மரம் வெச்சிருக்காங்க. சென்னையும் டேவிஸ் மாதிரி மேடு பள்ளமில்லாத ஊருதான். நம்ம காலேஜுங்க பண்ண வேண்டியது பெரிய விஷயமே இல்லை. வண்டிகளை கேட் பக்கத்துலேயே நிறுத்தச் சொல்லணும். முடியாதவங்களுக்கு மட்டும் பேட்டரி வண்டி விடணும். பிளாட்பாரத்தை நடக்கறவங்களுக்குத் திருப்பிக் கொடுக்கணும். என்னை மாதிரி அப்பனுங்களோட பயத்துல பாதி அங்கேயே போயிடும்.

ஊருக்கு வந்ததும் மாடிப்படிக்கு அடியில இருந்ததை வெளியே எடுத்தேன். ரெண்டு டயரும் புதுசு, செயினும் புதுசு. இப்போ காலையில பால் வாங்க அதுலதான் போறேன். பொண்ணு போன் பண்ணினா கேக்கற மொத கேள்வி, "பஸ்காரனைப் பார்த்து ஓட்டறீங்களாப்பா?"