அது உன்னைக் கூப்பிட்டதா?

திரிகோணமலையிலிருந்து ஊர் திரும்பிய வாரம், கைபேசியில் எடுத்த வீடியோவை அத்தைக்குக் காட்டினேன். எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில், மணமேல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது. அத்தை வாசலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார். கையை எடுக்காமலே திரையை எட்டிப் பார்த்தார்.

"இது அம்பர் போடுற திமிங்கிலமா?"

"ஆமா அத்தை. பக்கத்துலயே நீந்துனேன்."

"அது ஒன்னயக் கூப்பிட்டுச்சா?"

சிரித்துவிட்டு அடுத்த நண்டுக்குப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடலில் திமிங்கிலங்களோடு நீந்தும் சுற்றுலாதான் என் முனைவர் பட்டத் தலைப்பு. யார் வருகிறார்கள், என்ன தேடி வருகிறார்கள், படகு ஓட்டுபவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பவை என் கேள்விகள். பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் படிவத்தைப் பல பக்கங்களுக்கு நிரப்பினேன். பேட்டி தருபவரின் பெயரை மறைப்பாயா, ஒலிப்பதிவை எங்கே பூட்டி வைப்பாய், மனம் நொந்தால் என்ன செய்வாய் என்றெல்லாம் கேட்டார்கள். திமிங்கிலத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. விலங்குகளுக்கென்று இருக்கும் குழு ஆய்வுக்கூடத்து எலியையும் முயலையும் பார்க்கும். என் தலைப்பில் 'சுற்றுலா' என்று இருந்ததால் திமிங்கிலம் இரண்டு குழுக்களுக்கும் நடுவே நழுவிப் போனது. நானும் அதை நழுவ விட்டேன்.

பயணிகளோடு கடலில் இறங்காமல் அந்த அனுபவத்தை எப்படி எழுதுவது? பங்கேற்று உற்றுநோக்குவது எங்கள் துறையில் மதிப்புள்ள முறை. அந்த நியாயத்தோடு பணம் கட்டிப் படகில் ஏறினேன். இறங்குவதற்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்கள். காட்டுங்கள் என்று கேட்கவில்லை. காட்டச் சொன்னால் மறுநாள் என்னை ஏற்றமாட்டார்களோ என்ற பயம். படகுக்காரரின் தயவில் நடக்கும் ஆய்வில் இப்படிச் சில கேள்விகள் தொண்டையிலேயே நின்றுவிடுகின்றன.

திமிங்கிலம் போகும் திசையைக் கணித்து, படகு சுற்றிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றது. "இறங்குங்க, இறங்குங்க" என்ற குரல் கேட்டதும் நான்கு பேர் குதித்தோம். நீலத்துக்குள் மூன்று உருவங்கள் தெரிந்தன. இரண்டு பெரியவை, ஒன்று குட்டி. பெரியதில் ஒன்று மெல்லத் திரும்பி எங்களுக்கும் குட்டிக்கும் நடுவில் வந்தது. கண் தெரிந்தது. பிறகு மூன்றும் அமிழ்ந்தன. படகில் கைதட்டினார்கள். அன்றிரவு என் களக்குறிப்பில் எழுதினேன்: 'அது என்னைப் பார்த்தது. அதற்குப் பயமில்லை.'

பயமில்லை என்று எனக்கு எப்படித் தெரிந்தது?

அவை ஸ்பெர்ம் திமிங்கிலங்கள். வெப்பக் கடல்களில் இவற்றின் குடும்பம் பெண்களால் ஆனது. தாய், தாயின் தாய், சித்திகள், குட்டிகள் எல்லாம் சேர்ந்து வாழ்கின்றன. வளர்ந்த ஆண்கள் குளிர்கடல்களுக்குப் போய்விடுகின்றன. தாய் கணவாய் தேடி ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கும் இறங்குவாள். குட்டியால் அவ்வளவு ஆழம் போக முடியாது. அது நீர்மட்டத்துக்குப் பக்கத்திலேயே நிற்க, குடும்பத்தின் மற்ற பெண்கள் முறை வைத்துக் காவல் காப்பார்கள். இதையெல்லாம் நான் முன்பே படித்திருந்தேன். நாங்கள் குதித்த இடம் ஒரு பிள்ளைக்காவல் என்பது மட்டும் அப்போது மண்டையில் ஏறவில்லை.

பசிபிக் கடலில் டோங்கா என்ற தீவுநாடு இருக்கிறது. 1978இல் அங்கே திமிங்கில வேட்டைக்கு அரசர் தடை போட்டார். இன்று திமிங்கிலத்தோடு நீந்த உலகமே அங்கே போகிறது. அண்டார்க்டிக் கடலிலிருந்து கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டி ஈன வரும் இடம் அது. அங்கே தாய்க்கு இரை கிடையாது. உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்துத்தான் மாதக்கணக்கில் பால் கொடுக்கிறாள். ஒரு முறைக்கு நான்கு பேர்தான் இறங்கலாம் என்று விதி இருக்கிறது. அப்படியும், படகும் ஆளும் நெருங்கும்போது தாயும் குட்டியும் நீருக்கடியில் இருக்கும் நேரம் கூடுவதைப் படகுகளிலிருந்து கவனித்த ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பயணிகளுக்கு எளிதாகக் கிடைப்பவளும் அந்தத் தாய்தான். தனித் திமிங்கிலம் நொடியில் போய்விடும். குட்டியோடு ஓய்ந்து நிற்பவள் எங்கே போவாள்?

இதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது எனக்கு வேறொருத்தி நினைவுக்கு வந்தாள்.

முதுகலை ஆய்வுக்காக, இலங்கைக் கடற்படை பிடித்துப்போன மீனவர்களின் மனைவிகளைப் பேட்டி எடுத்தேன். எங்கள் கரையில் இது அடிக்கடி நடப்பதால் ஆள் தேட அலைய வேண்டியிருக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி ஒன்றரை மணி நேரம் பேசினாள். கடன், நகை அடகு, மாமியார், ராத்திரிகள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். 'தயக்கமின்றிப் பேசினார்' என்று எழுதினேன். மடியில் பிள்ளை. உள்ளே போனால் நானும் கூடவே போயிருப்பேன். அவள் புருஷனை மீட்க நான் ஏதாவது செய்வேன் என்று நம்பினாளோ என்னவோ. எழுந்து போக வழியில்லாதவள் உட்கார்ந்திருந்ததைச் சம்மதம் என்று எழுதினேன். திரிகோணமலையில் எழுதியதும் அதே வாக்கியம்தான். ஆள் மட்டும் வேறு.

பேருந்தில் பெண் ஒதுங்காமல் நின்றாள் என்பதைச் சம்மதமாக வாசிக்கும் ஆணை நமக்கெல்லாம் தெரியும். ஒதுங்க இடமிருந்ததா என்று அவனிடம் கேட்போம். அந்தக் கேள்வியை என் ஆய்விடம் நான் கேட்டதேயில்லை.

"நீ இறங்காட்டியும் படகு போகத்தானே போகுது?" என்றாள் தோழி. உண்மை. ஆனால் நான் கொடுத்த பணம் அந்தப் படகின் டீசலில் இருக்கிறது. நான் காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டுக் கருத்தரங்கில் இரண்டு மாணவிகள் கேட்ட முதல் கேள்வி, "எங்கே புக் பண்ணணும் அக்கா?" ஆராய்ச்சி விளம்பரமாக மாற அரைமணி நேரம் போதுமாயிருந்தது.

அடுத்த களப்பயணத்தில் நான் தண்ணீரில் இறங்கவில்லை. கரையில் இருந்து படகோட்டிகளோடும், விடுதிகளில் சமைக்கும் பெண்களோடும், திரும்பி வந்த பயணிகளோடும் பேசினேன். தரவு மெலிந்துவிட்டது என்றார் நெறியாளர். மெலிந்ததுதான். நீந்திய அத்தியாயத்தை நீக்காமல், அனுமதிச்சீட்டைக் கேட்காமல் விட்டது உட்பட என் தவறாகவே எழுதினேன். படங்களையும் வரைபடத்தையும் எடுத்துவிட்டேன்.

இதற்கிடையில் கேள்வி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலை அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாங்கள் ஆவுளியா என்போம். கடற்புல் மேயும், மூச்சுவிடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி. எகிப்திலும் பிலிப்பைன்ஸிலும் அதன் பக்கத்தில் நீந்தக் காசு வாங்குகிறார்கள். இங்கே இன்னும் அந்தத் தொழில் வரவில்லை. ஆனால் சென்னையிலிருந்து வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் என்னைத் தொடர்ந்து அழைக்கிறார். "நீங்க ரிசர்ச்சர், எங்க மேயும்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும். மாமா சொல்லியிருக்கிறார். நான் சொல்லவில்லை.

அத்தைக்கு அதில் உடன்பாடில்லை. "வலை வெறுங்கையா வருது. வர்றவன் படகுக்கு ரெண்டு காசு குடுத்தா ஒனக்கென்ன? அது என்ன ஒன் வீட்டு மாடா?" என்று கேட்கிறார். வலையில் சிக்கிய ஆவுளியாவை விட்டுவிடும் மீனவருக்கு வனத்துறை வெகுமதி தருகிறது என்று நான் சொன்னால், "அது என்ன தெனமுமா சிக்குது?" என்கிறார். திரிகோணமலைப் படகோட்டியின் வீட்டிலும் இதே கணக்குத்தான் ஓடுகிறது. அத்தையின் வறுமைக்கு என் மௌனம் பதிலாகாது என்று எனக்குத் தெரியும். நான் தொகையோடு திரும்பிப் போகிறவள். அவர் இங்கேயே இருப்பவர்.

போன மாதம் அந்தத் திண்ணைக்குப் போனேன். பால் குடித்த பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. அவள் சொன்னதையெல்லாம் அச்செடுத்துக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் ஓரிடத்தில், "மாமியாரப் பத்திச் சொன்னத எடுத்துரு" என்றாள். "அன்னைக்கு ஏன் சொன்னேன்னே தெரியல. நீ போகாம உக்காந்திருந்த."

அந்தப் பத்தியை அடித்தேன். அவளால் சொல்ல முடிந்தது. வந்து கேட்கத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆனது. அந்தக் குட்டிக்கு முன்னால் வந்து நின்றவளிடம் எதை எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டுவேன்?