படகை இறக்கப் போன கதை

முன்னோக்கிச் செல்லத் தெரிந்தவர்க்குப் பின்னோக்கி வரவும் தெரியும் என்று நாம் நெடுங்காலமாக நம்பியிருந்தோம். அந்நம்பிக்கை 2023ஆம் ஆண்டு நவம்பர் 7ஆந் திகதி காலை ஆறரை மணியளவில், அவுஸ்திரேலியாவில் ஓர் ஆற்றங்கரையில் அழிந்தது.

எம் தங்கை குடும்பத்தினர் மெல்பேர்ண் நகரில் வாழ்கின்றனர். அவ்வாண்டு அவர்களிடம் இரண்டு மாதம் தங்கியிருந்தோம். தங்கையின் கணவர், நாம் போய்ச் சேர்வதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், ஒருவர் பாவித்து விற்ற அலுமினியப் படகொன்றை வாங்கியிருந்தார். நாலரை மீற்றர் நீளம். அது வீட்டு முற்றத்தில் இருசக்கர இழுவை வண்டியொன்றின் மேல் ஏறியிருந்தது. கடலிலிருந்து பல மைல் தூரத்தில், ரோசாச் செடிகளுக்கு நடுவே ஒரு படகு நிற்பதைக் கண்டு எமக்குச் சிரிப்பு வந்தது. மைத்துனர் சிரிக்கவில்லை.

எங்கள் ஊர்க் கரையிலே படகு மணலிற் கிடக்கும். நாலுபேர் தோள்கொடுத்தால் நீரில் இறங்கிவிடும். நயினாதீவுக்குப் போவதாயின் குறிகாட்டுவானிலே படகு நமக்காகத் துறையில் காத்து நிற்கும். ஏறி அமர்வதொன்றே நம் வேலை. அங்கே அப்படியன்று. படகைக் காரின் பின்னே கொழுவி இழுத்துக்கொண்டு பொதுச் சாய்தளத்துக்குப் போகவேண்டும். அது நீருக்குள் இறங்கிச் செல்லும் கொங்கிறீற்றுச் சரிவு. காரைப் பின்னோக்கிச் செலுத்தி, இழுவை வண்டியின் சக்கரங்கள் நீரில் அமிழ்ந்ததும் படகை நழுவவிட்டு, வெறும் வண்டியைத் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டு வரவேண்டும். சொல்லும்போது எளிதாகத்தான் இருக்கின்றது.

மாணவர்கள் இரண்டு பென்சில்களின் முனைகளை நூலாற் பிணைத்து மேசைமீது வைத்துப் பார்க்கலாம். முன்னதைப் பிடித்து இழுத்தால் பின்னது பணிவோடு தொடரும். தள்ளினாலோ கணமும் நேரே செல்லாது. ஏதாவதொரு பக்கம் மடங்கும். இழுவை வண்டியின் குணமும் இதுவே. பின்னோக்கிச் செலுத்தும்போது சுக்கானை வலப்பக்கம் திருப்பினால் காரின் வால் வலப்பக்கம் போகும். இழுவை வண்டியின் வாலோ இடப்பக்கம் போகும். வண்டி குட்டையாயின் நிலைமை இன்னும் மோசம். நீண்ட வண்டி மெல்லத் திரும்பும். குட்டை வண்டி சட்டென்று திரும்பிவிடும். வன்னியிலே நெல்மூட்டை ஏற்றிய பெட்டியோடு உழவு இயந்திரத்தை ஒடுங்கிய படலைக்குள் பின்பக்கமாகவே கொண்டுபோய் நிறுத்தும் இளைஞரை எத்தனையோ தரம் கண்டிருக்கின்றோம். ஒரு தரமாவது வியந்ததில்லை. காலந்தாழ்த்தியேனும் அவர்களுக்கு எமது வணக்கம்.

முதல் நாள் இரவு மருமகன், பதினைந்து வயதினன், தகப்பனிடம் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னான். ஆளில்லாத கார்த் தரிப்பிடம் ஒன்றிலே ஒருமுறை பழகிப் பார்த்துவிட்டுப் போனால் என்ன என்பதே அது.

“தம்பி, நான் இருபது வருஷமாக் கார் ஓடுறன்,” என்றார் மைத்துனர். பையன் அதன்பின் வாய்திறக்கவில்லை.

நாம் சென்றது பற்றர்சன் ஆற்றுச் சாய்தளத்துக்கு. ஒரே வேளையில் பல படகுகளை இறக்கக்கூடிய பெரிய இடம். அங்கிருந்து ஆறு பிலிப் துறைமுகக் குடாவிற் கலக்கின்றது. குடாவின் பரப்பு ஏறக்குறைய 1,930 சதுர கிலோமீற்றர். எமது யாழ்ப்பாண மாவட்டத்தைப்போல இருமடங்குக்குச் சற்றே குறைவு. வசந்த காலத்தில் ஸ்னாப்பர் என்னும் செந்நிற மீன் முட்டையிடுவதற்காக அக்குடாவுக்குள் திரளாக வரும். நவம்பர் மாதத்து முதற் செவ்வாய்க்கிழமையோ, குதிரைப் பந்தயம் ஒன்றுக்காக அந்நகரில் அரசாங்க விடுமுறை. மீனும் விடுமுறையும் கூடிய அந்த நாளைத்தான் மைத்துனர் முதன்முதற் படகிறக்கும் நாளாகத் தெரிந்தெடுத்திருந்தார்.

எமக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு கார்கள் வரிசையில் நின்றன. 4.8 மீற்றரும் அதற்குக் குறைவுமான படகுகளில் ஓட்டத்தின்போது உயிர்காப்பு அங்கி அணிந்தேயாக வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். நாம் ஓட்டத்துக்குக் காத்திராது கரையிலேயே செம்மஞ்சள் அங்கியுடன் விளங்கினோம். எமக்கிட்ட பணி, பின்னால் ஒரு புறமாக, ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நின்று கைகாட்டுவது.

முதன்முறை இழுவை வண்டி இடப்பக்கம் மடங்கிற்று. இரண்டாம் முறை வலப்பக்கம். மூன்றாம் முறை மடக்குக்கத்திபோல் முற்றாக மடிந்து, காரின் மூலையை உரசப் பார்த்தது. காரிலே பின்புறத்தைக் காட்டும் கமரா இருந்தது. அது படகின் மூக்கை மட்டும் பெரிதாகக் காட்டிற்று. பின்னால் ஏதோ இருக்கின்றது என்று கார் ஓயாது கூவிற்று. இருந்தது எங்கள் படகுதான். நாம் “இடப்பக்கம்” என்று கத்தியது காரின் இடமா, வண்டியின் இடமா என்று மைத்துனருக்கும் விளங்கவில்லை, எமக்கும் விளங்கவில்லை.

வரிசையிலிருந்து ஒரு முதியவர் இறங்கி வந்தார். திட்டப் போகின்றார் என்றே எண்ணினோம். அவரோ காரின் ஜன்னலருகே குனிந்து, சுக்கானை மேலே பிடிக்காமல் அடியிலே ஒரு கையாற் பிடிக்கும்படியும், வண்டியின் வால் எப்பக்கம் போகவேண்டுமோ அப்பக்கமே கையை நகர்த்தும்படியும் சொன்னார். கொஞ்சமாக நகர்த்து, மடங்கத் தொடங்கினால் அடம்பிடிக்காமல் முன்னே இழுத்து நேராக்கு என்றார். அவ்வளவுதான். நாலாம் முறை வண்டி கயிறுபிடித்தாற்போல் நேரே இறங்கிற்று. மைத்துனர் முகம் மலர்ந்ததைக் கண்ணாடியிற் கண்டோம்.

அவ்வேளையில் மருமகன் படகின் கயிற்றைப் பிடிப்பதற்காக நீரோரம் இறங்கியிருந்தான். நீர்மட்டத்துக்குக் கீழே கொங்கிறீற்றின்மேல் பச்சைப் பாசி படிந்திருக்கும். அதில் மிதித்தால் எவரும் நில்லார். அவன் வழுக்கி, இறங்கி வரும் சக்கரத்துக்கு நேரே காலை நீட்டியபடி விழுந்தான். தகப்பனுக்கு அது தெரியாது. தெரிய வேண்டியவர் நாம்.

நாம் கூழைக்கடாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மீன் வெட்டும் மேசையருகே பெரிய பறவையொன்று அப்போதுதான் வந்திறங்கிற்று. அத்துணைப் பெரிய அலகை அவ்வளவு கிட்டத்தில் நாம் முன்னர் கண்டதில்லை.

பக்கத்துத் தளத்தில் நின்ற பெண்ணொருத்தி ஓடிவந்து காரின் பொனற்றில் இரு கைகளாலும் அறைந்தாள். கார் நின்றது. சக்கரத்துக்கும் பையனின் முழங்காலுக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்கலாம். நாம் அளக்கும் நிலையில் இல்லை.

மைத்துனர் கைப் பிறேக்கை இழுத்துவிட்டு, சப்பாத்தோடு நீருக்குள் பாய்ந்து மகனைத் தூக்கினார்.

“எனக்கு ஒண்டுமில்லை, அப்பா.”

அவர் அவன் காலைத் தடவிக்கொண்டே நின்றார். எம்மை ஒருமுறை பார்த்தார்; ஒன்றுஞ் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அத்தோடும் முடியவில்லை. படகை நீரில் விட்டு ஐந்து நிமிடமாகவில்லை, உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். படகின் பின்னடியில் நீர் வடிவதற்கென ஒரு துளை உண்டு. இறக்குமுன் அதனை அடைப்பானால் மூடவேண்டும். அந்த அடைப்பான் மைத்துனரின் காற்சட்டைப் பையிலே பத்திரமாக இருந்தது. படகை மீண்டும் ஏற்றி வீடு திரும்பினோம். ஒரு தூண்டிலும் நனையவில்லை.

தங்கையிடம், பையன் பாசியில் வழுக்கியதாக மட்டுமே மைத்துனர் சொன்னார். கூழைக்கடாவைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதை முதன்முதலாக இங்கேதான் எழுதுகின்றோம். தங்கையும் இப்பத்திரிகையை வாசிப்பவள்.

அடுத்த ஞாயிறு காலை, ஆளில்லாத தரிப்பிடமொன்றில் தகப்பனும் மகனும் பழகினர். பையன் ஒரு சட்டம் போட்டான்: கைகாட்டுபவர் ஒருவரே, கண்ணாடியில் அவரைக் காணாவிட்டால் கார் அந்த இடத்திலேயே நிற்கவேண்டும். “சரி தம்பி,” என்றார் மைத்துனர். பின்பு எத்தனை தரம் அவன் கை உயர்ந்ததோ அத்தனை தரமும் கார் நின்றது.

அதற்கடுத்த வாரம் மறுபடியும் ஆற்றுக்குப் போனோம். அடைப்பான் மருமகனின் பொறுப்பு, கைகாட்டுவதும் அவன் பொறுப்பு.

“மாமா, நீங்கள் சாப்பாட்டைப் பாத்துக்கொள்ளுங்கோ,” என்று தங்கை கட்டித்தந்த புட்டுப் பார்சலை எம் கையில் தந்தான். இரு கைகளாலும் அதனைப் பிடித்தபடி, பறவைகளின் பக்கம் திரும்பாமல், நாம் கரையிலே நின்றோம்.