தாம்பரத்தில் ஒரு தேய்மானக் கணக்கு

பி.காம். படித்தவனுக்குத் 'தேய்மானம்' என்றால் ஒரே அர்த்தம்தான். வருஷத்துக்கு இத்தனை சதவிகிதம் என்று கழித்துக்கொண்டே வர வேண்டும். புத்தகத்தில் மதிப்பு பூஜ்யமானாலும் சாமான் பாட்டுக்கு ஓடும். 'அப்படியா சேதி?' என்று எனக்குப் பாடம் நடத்தியது, மேற்குத் தாம்பரத்தில் ஒரு பட்டறை!

மச்சானிடம் ஜீப் இருக்கிறது. அதன் பின்னால் மாட்டிக்கொண்டு காடு மேடெல்லாம் சுற்றலாம் என்று, ஆளுக்குப் பாதி போட்டு இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்று வாங்கினோம். டென்ட், ஸ்டவ், தண்ணீர் கேன் எல்லாம் அதற்குள் அடக்கம். சுற்றியது கம்மி, முடிச்சூரில் என் வீட்டு வாசலில் நின்றதுதான் ஜாஸ்தி.

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரை என்ன பாடு படுத்தியது என்பது ஊரறிந்த கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மறுபடியும் அதே கதை. நாங்கள் கேம்ப் போகவில்லை. வெள்ளம் எங்கள் தெருவில் வந்து கேம்ப் போட்டது! ட்ரெய்லர் சக்கரம் முழுக நின்றது. தண்ணீர் வடிந்ததும் வெளியே பளபளவென்று கழுவித் துடைத்தேன். ஹப்புக்குள் என்ன ஆச்சு என்று பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்த வருஷ லீவில், குடும்பத்தோடு கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். வண்டலூரில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து, கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வருவதற்குள் பின்னால் 'கர்... கர்...'

"அப்பா, ட்ரெய்லர் டான்ஸ் ஆடுது!" என்றாள் மகள்.

இறங்கித் தொட்டுப் பார்த்தேன். வலது ஹப்பில் தோசை வார்க்கலாம்!

மலை கேன்சல். ட்ரெய்லரை மினி லாரியில் ஏற்றித் தாம்பரம் பட்டறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் அண்ணன் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். லொடலொட! கழற்றினால், உள்ளே கிரீஸ் மோர்க்குழம்பு நிறத்தில் இருந்தது.

"தண்ணி பூந்திருக்கு சார். பேரிங் துருப்பிடிச்சு இறுகி, ஆக்ஸில் மேலயே சுத்தி அதைத் தின்னுடுச்சு."

எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டான். "வெல்டு வச்சுக் கடைஞ்சு கொடுத்துடுங்களேன் அண்ணே. சிக்கனமா முடியும்."

"கொடுக்கலாம். ரெண்டு ட்ரிப் தாங்கும். மூணாவது ட்ரிப்ல சக்கரம் கழண்டு ஓடினா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, ஜீப்ல இருப்பீங்க. பின்னால டூவீலர்ல பிள்ளையை வச்சுட்டு வர்றவனுக்கு யார் சார் பதில் சொல்றது?"

நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனாலும் சபலம் விடுமா? பழைய ஆக்ஸில் கிடைக்குமா என்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியல் ஆய்வாளர் ஆதிமனிதனின் கல்கோடரியைக் கண்டெடுத்தது இதே பல்லாவரத்தில்தான். அவருக்கு ஆக்ஸ் கிடைத்தது. எனக்கு ஆக்ஸில் கிடைக்காதா? கிடைத்தது. தரையில் உருட்டிப் பார்த்தால் வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது!

கடைசியில் புதுசுதான். ஹப்புக்கு ஹப்பு எவ்வளவு, ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே எவ்வளவு, எத்தனை கிலோ பாரம் என்று அண்ணன் மூன்றையும் குறித்துக்கொண்டு ஆர்டர் கொடுத்தார். ஆக்ஸில் வந்ததும் யூ-போல்ட்டில் பூட்டி, பேரிங்குக்குள் கிரீஸை உள்ளங்கையால் அழுத்தித் திணித்தார். புது சீல் போட்டார். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, ஒரு பொட்டுத் தளர்த்தி, ஸ்ப்ளிட் பின்னைச் செருகி வளைத்தார்.

"நூறு கிலோமீட்டர் ஓடினதும் யூ-போல்ட்டை இன்னொரு தடவை டைட் பண்ணிடுங்க சார்."

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்தப் பின்னைப் பார்த்தேன். மாட்டு வண்டியில் தாத்தா தட்டிச் செருகிய அச்சாணிதான், பெயர் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது! தேய்மானம் வருஷக் கணக்கில் வருவதில்லை, நாம் பார்க்காமல் விட்ட நாள் கணக்கில் வருகிறது என்பது காலேஜில் சொல்லித் தராத பாடம்.

இப்போதெல்லாம் மழை வெள்ளம் வடிந்த மறுநாள், முதல் வேலையாக ஹப்பைக் கழற்றிவிடுகிறேன்.

"ஏங்க, வீட்டுக்குள்ள கிடக்கிற சேறு?" என்கிறாள் மனைவி.

அது வேற கணக்கு!