வெண்மைக்கு அடியில் இருக்கும் மரம்

புதுப்பித்து விற்கப்படும் பழைய மோட்டார் வண்டியின் மெருகைக் கண்டு மயங்குவோர் பலர். திருகோணமலையில் எம்.ஜி. டி.சி. வண்டியொன்று விலைக்கு வந்திருப்பதாகக் கேள்வியுற்று, புல்மோட்டையிலிருந்து துணைவியாருடன் சென்றோம். ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதி முழுவதும் அதன் விலைக்கே சரியாகும். எம் வீட்டின் ஒழுகும் கூரையும் அதே பணத்தைத்தான் நம்பியிருக்கிறது.

இவ்வகை வண்டிகள் இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1945 முதல் 1949 வரை செய்யப்பட்டவை. மொத்தம் 10,000 மட்டுமே. 1,250 கன சென்ரிமீற்றர் எஞ்சின், கம்பிச் சக்கரங்கள், முன்புறம் மடித்து வைக்கத்தக்க கண்ணாடி. இருவர் அமரலாம், விருந்தாளி வந்தால் அவர் பேருந்தைத்தான் நாட வேண்டும்! கடற்படை அதிகாரி ஒருவர் கொண்டுவந்தது என்றார் விற்பவர். பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை 1957இல் கையளித்தது உண்மையே. ஆயினும் வண்டியின் வரலாற்றுக்கு அவர் பத்திரம் எதுவும் காட்டினாரில்லை.

வண்டியின் நிறம் தூய வெண்மை. அவ்வெண்மை எமக்கு அயலன்று. புல்மோட்டைக் கரையின் கரிய மணலில் உள்ள இல்மனைற்று, இரும்பும் தைத்தேனியமும் கூடிய கனியம். அதற்கெனவே 1957இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் அமைந்தது. காந்தத்தால் பிரித்தெடுக்கப்பட்ட மணல் கப்பலேறுகிறது. அயல்நாட்டு ஆலைகளில் வெண்தூளாகி வண்ணப் பூச்சுகளில் சேர்கிறது. கறுப்பாகப் போவது வெள்ளையாக, விலையேறித் திரும்புகிறது. அந்த வயிற்றெரிச்சலைப் பிறிதொரு நாள் எழுதுவோம்.

இவ்வண்டியின் உடற்தகடு, ஆஷ் என்னும் மரத்தாற் செய்த சட்டகத்தின் மேல் பொருத்தப்பட்டது. மரம் உளுத்தால் கதவு தொங்கும். மேற்பூச்சு அதனை மறைத்துவிடும். ஆதலால், எஞ்சினை முடுக்குமுன் கதவைத் திறந்து மெல்லத் தூக்கிப் பார்த்தோம். அசையவில்லை. தகட்டைக் கழற்றியிருந்தபோது எடுத்த படங்களையும் விற்பவர் காட்டினார். உளுத்த பகுதிகளை உள்ளூர்த் தச்சர் ஒருவர் தேக்கில் செய்து பொருத்தியிருந்தார். மூலமரம் இல்லையென்று விலையைக் குறைத்துக் கேட்போர் உண்டு. ஆஷ் வளராத நாட்டில் தேக்கைத் தேர்ந்த அக்கைக்கு நாம் கூடுதலாகவே கொடுப்போம்.

"எல்லாம் சரி. எங்கள் உப்புக் காற்றில் இதை எங்கே வைப்பீர்கள்?" என்றார் துணைவியார்.

எம் யன்னற் கம்பிகளே ஆண்டுதோறும் துருவேறுகின்றன. வண்டிக்கு நாற்புறமும் அடைத்த கொட்டகை வேண்டும். கொட்டகைக்கும் ஒரு கூரை வேண்டும். வரும் ஞாயிறு வரை தவணை கேட்டு வந்திருக்கிறோம். வீட்டுக் கூரையைப் பார்க்கத் தச்சர் புதன்கிழமை வருகிறார்.