தாயகம் திரும்பியவர்களின் கூடலூர்

தமிழ்நாட்டில் கூடலூர் என்ற பெயருடைய ஊர் ஒன்று மட்டுமல்ல. கம்பம் பள்ளத்தாக்கிலே ஒரு கூடலூர் உண்டு. நாம் இப்போது போகப் போவது நீலகிரி மலையின் மேற்குச் சரிவில், தமிழ்நாடும் கேரளமும் கர்நாடகமும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் மூலையில் இருக்கும் கூடலூருக்கு. உதகமண்டலத்துக்கு உல்லாசப் பிரயாணம் போய், அப்படியே மைசூரையும் பார்த்து வருகிறவர்கள் இவ்வூரைப் பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். ஒரு கடைவீதி, நாலைந்து தேநீர்க் கடைகள், மழையில் நனைந்த கூரைகள். அவ்வளவுதான் கண்ணில் படும். ஆனால் நம் சர்க்கார் செய்த ஒரு பெரிய காரியத்தின் மிச்சம் மீதியெல்லாம் இந்தச் சிற்றூரைச் சுற்றித்தான் இருக்கிறது.

உதகையிலிருந்து பைக்காரா, நடுவட்டம் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் தூரம். 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து ஏறக்குறைய 3,500 அடிக்குப் பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. நடுவட்டத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொயினா மருந்துக்காகச் சிங்கோனா மரங்களை வெள்ளைக்கார சர்க்கார் பயிரிட்டது. அந்த வேலைக்காகக் கடல் கடந்த சீனக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். ஆகவே, தன் காரியத்துக்காக மனிதர்களை வேரோடு பெயர்த்து வந்து இந்த மலையில் நடுகிற வழக்கம் புதிதன்று.

கூடலூர்ப் பிரதேசம் ஒரு காலத்தில் மலபார் ஜில்லாவைச் சேர்ந்த வயநாட்டின் தென்கிழக்குப் பகுதி. 1877-இல்தான் அது நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய ஆதிவாசிகளும், நெல் பயிரிட்ட வயநாட்டுச் செட்டிகளும் இங்கே நெடுநாளாக வாழ்ந்தவர்கள். 1880-ஐ ஒட்டிய வருஷங்களில் தேவாலாவிலும் பந்தலூரிலும் தங்கம் கிடைக்கிறதென்று லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. தங்கம் வந்ததைவிட அதிகமாகப் பணம் போயிற்று. கம்பெனிகள் மறைந்தன, காப்பியும் தேயிலையும் நின்றன.

இனி, கடலுக்கு அப்பால் ஒரு நிமிஷம் போய்வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரை முதலிய ஜில்லாக்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டு ஏழை ஜனங்கள் இலங்கைக்குப் போனார்கள். முதலில் காப்பித் தோட்டம்; காப்பியை நோய் அழித்தபின் தேயிலைத் தோட்டம். இலங்கையின் மலைநாட்டைச் செல்வம் கொழிக்கும் நாடாக்கியவர்கள் இவர்களே. 1947-ஆம் வருஷத் தேர்தலில் தங்கள் பிரதிநிதிகளாக ஏழு பேரை இலங்கைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். மறு வருஷம் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே 1948-இல் வந்த பிரஜா உரிமைச் சட்டம் இவர்களில் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதவராக ஆக்கிவிட்டது!

1964-ஆம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி, இந்தியப் பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதம மந்திரி சிறிமாவோ பண்டாரநாயகாவும் டில்லியில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றிருந்தவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னால் பார்த்துக்கொள்வது. 1974-இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டார்கள். பாகப் பிரிவினையில் நிலத்தையும் மாட்டையும் பங்கு போடுவது உண்டு. இங்கே மனிதர்கள் பங்கு போடப்பட்டார்கள். அவர்களை அழைத்து ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை.

வருஷக் கணக்காகக் கப்பல்கள் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு வந்துகொண்டிருந்தன. மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, குடும்ப அட்டை வாங்கி, எங்கே போவதென்று உத்தரவு பெற்றார்கள். சிலருக்கு நூற்பாலையில் வேலை. சிலருக்கு வியாபாரம் செய்யக் கடன். பிறந்தது முதல் கொழுந்து கிள்ளியே பழகியவர் சமவெளியில் கடை வைத்து என்ன செய்வார்? கடன் பணம் கரைந்தது. மலையும் தேயிலையும் எங்கே இருக்கின்றன என்று விசாரித்துக்கொண்டு, உத்தரவு இல்லாமலே நீலகிரிக்கு ஏறி வந்தவர்கள் அநேகர். அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் தினக்கூலியும், பட்டா இல்லாத ஒரு துண்டு நிலமும்தான்.

சர்க்கார் நேராகவே குடியமர்த்திய குடும்பங்கள் வேறு. இவர்களுக்காகவே 1968-இல் வனத்துறை நிலத்தில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. 1976 முதல் அவை தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டக் கழகமாக, 'டான்டீ' என்ற பெயரில் நடைபெறுகின்றன. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், பாண்டியார், தேவாலா முதலிய இடங்களில் காடு திருத்தித் தேயிலை நட்டவர்கள் இந்தக் குடும்பத்தாரே. தமிழ்நாட்டில் மிகுந்த மழை பெய்யும் இடங்களில் தேவாலா ஒன்று என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அது எப்படிப்பட்ட வேலை என்பது விளங்கும்.

சர்க்கார் பாஷையில் இவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கும் ஒரு மூதாட்டியிடம், "பாட்டி, நீங்கள் பிறந்தது எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். நுவரெலியா என்பார், அல்லது ஹட்டன், பதுளை, பண்டாரவளை என்பார். பிறந்த மண்ணை விட்டு வந்தவரைத் 'திரும்பியவர்' என்று அழைப்பது என்ன விந்தை! ஊர்க்காரர்கள் அவரைச் 'சிலோன்காரர்' என்கிறார்கள். இலங்கையில் அவர் 'இந்தியாக்காரர்'. ஆனால் அவர் வீட்டு அடுப்பில் கோதுமை மா ரொட்டி வேகும்; அம்மியில் தேங்காய்ச் சம்பல் அரைபடும்; பால் இல்லாத தேநீருக்குச் சாயத்தண்ணி என்று பெயர்; ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். விட்டு வந்த ஊரில் பாதியை நாவில் வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் கூடலூரிலேயே பிறந்தவர்கள். மலையாளமும் கன்னடமும் காதில் விழும் கடைவீதியில் அவர்களுடைய தமிழும் சரிசமானமாக ஒலிக்கிறது. இவ்வளவும் ஆனபிறகு, வந்தவர்கள் வேரூன்றிவிட்டார்கள் என்று சந்தோஷப்படலாம் அல்லவா? அங்கேதான் சங்கடம் இருக்கிறது. தோட்ட வீடு வேலைக்குச் சேர்ந்த வீடு. உழைக்கும் வரையில் கூரை உண்டு. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வெள்ளைக்காரத் துரைமார் இலங்கையில் வைத்த அதே ஏற்பாடு, சுயராஜ்ய சர்க்காரின் தோட்டத்திலும் தொடர்ந்து வந்தது.

இன்னொரு நியாயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நிலம் காலியாகக் கிடந்த நிலமன்று. அது யானைகள் நடமாடும் காடு. ஆதிவாசிகள் தேனும் கிழங்கும் எடுத்த காடு. ஒருவருக்குச் செய்த பிழையைத் திருத்த இன்னொருவர் முற்றத்தை எடுத்துக் கொடுத்தால் பிழை இரண்டாகிறது. யானைகளின் வழியில் தேயிலை நின்றதன் பலனை, இன்று விடியற்காலையில் வேலைக்குப் போகும் தொழிலாளியே உயிரால் செலுத்துகிறார். பழைய ஜன்மி நிலங்களோ, 1969-இல் இயற்றப்பட்ட ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகும் பல பத்து வருஷங்கள் வழக்கில் கிடந்தன. ஆதிவாசியும் அகதியும் பட்டா என்ற ஒரே கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள்.

2022-ஆம் வருஷத்தில், நஷ்டத்தில் நடந்த டான்டீயின் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்டதை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்கும்படி சர்க்கார் உத்தரவிட்டது. காட்டுக்கு அது நல்ல செய்தியாக இருக்கலாம். ஆனால் லயன் வீட்டில் இருப்பவர்களுக்கு, கப்பலேறிய நாளின் கேள்வி மறுபடி எழுந்தது: "இனி எங்கே போவது?" தொழிலாளர்கள் முறையிட்டார்கள், ஓய்வு பெற்றவர்களுக்கு வீடு கட்டித் தரும் ஏற்பாடுகளைச் சர்க்கார் அறிவித்தது. அந்த வீடு வேலையோடு ஒட்டாமல், குடும்பத்தின் பெயரிலேயே நிலைக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்பது. அது தர்மம் அன்று, கடன்.

ஒரு குடும்பத்தைக் கப்பலேற்றுவதற்கு ஒரு காகிதம் போதுமானதாக இருந்தது. அதில் இரண்டு பிரதம மந்திரிகள் கையெழுத்திட்டார்கள். அந்தக் குடும்பத்தைக் குடியமர்த்துவதற்கும் ஒரு காகிதம் வேண்டும். அதற்கு ஒரு தாசில்தாரின் கையெழுத்தே போதும். கூடலூர் மலைச்சரிவுகளில் மூன்றாம் தலைமுறை இன்னும் அதற்குத்தான் காத்திருக்கிறது.