லிஸ்பன் நேரம்

போர்த்துகல் நாடு 1992இல் தன் கடிகாரத்தை மத்திய ஐரோப்பாவின் நேரத்துக்கு மாற்றிக்கொண்டது. அண்டை நாடுகளோடு வணிகம் செய்ய ஒரே நேரம் வசதி என்று கருதினார்கள். சூரியன் அரசாணைக்குக் கட்டுப்படவில்லை. குளிர்காலத்தில் குழந்தைகள் இருட்டில் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. கோடையில் இரவு பத்து மணியிலும் வெளிச்சம் நின்றது. 1996இல் பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டார்கள். ஒரு நாடு நான்கே ஆண்டுகளில் கைவிட்ட காரியத்தை நான் ஒன்பது ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தேன்.

என் அலுவலகம் சென்னையில். வாடிக்கையாளர்கள் இருப்பது அமெரிக்காவில். மாலை ஆறரைக்குத் தொடங்கும் பணி விடிகாலை மூன்றரைக்கு முடியும். நாலரைக்கு நான் படுக்கப் போகையில் அம்மா எழுந்து பால் காய்ச்சுவாள். நண்பகலில் நான் எழும்போது மனைவி பாடம் நடத்தும் பள்ளியிலும், மகள் படிக்கும் பள்ளியிலும் இருப்பார்கள். அவர்கள் வீடு திரும்புவதற்கும் நான் கிளம்புவதற்கும் நடுவே ஒரு மணி நேரம் உண்டு. அதில் பாதி வீட்டுப்பாடத்துக்குப் போய்விடும்.

சென்ற மே மாதம் நால்வரும் லிஸ்பன் போய்ச் சேர்ந்தபோது இரவு பத்து மணி. அல்ஃபாமா பகுதியில், செங்குத்தான படிகள் முடியும் இடத்தில், மூன்றாம் மாடியில் தங்கினோம். கோடையில் சென்னைக்கும் லிஸ்பனுக்கும் நாலரை மணி வித்தியாசம். களைப்பையும் மீறி அம்மா இரண்டு மணிக்கே எழுந்துவிட்டாள். சற்று நேரத்தில் மகளும், பிறகு மனைவியும். கையோடு கொண்டுபோயிருந்த பில்டரில் அம்மா காப்பி போட்டாள். ஆறு மணிக்கு மூவரும் பக்கத்திலிருந்த போர்டாஸ் டோ சோல் என்ற மேட்டுக்கு நடந்துபோய், தேஜோ ஆற்றின் மேல் சூரியன் எழுவதைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஏழரைக்கு நான் எழுந்தேன். அவர்கள் அரை நாளை வாழ்ந்து முடித்திருந்தார்கள். "ஆறுன்னு சொன்னா நம்ப முடியலடா, கடல் மாதிரி இருக்கு. கீழே ஒரு கப்பல் நிக்குது, நம்ம தெரு நீளத்துக்கு" என்றாள் அம்மா.

மூவர் கண்களும் சிவந்திருந்தன. எனக்கு மட்டும் ஜெட் லாக்கின் சுவடே இல்லை. முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பல் துலக்கும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். லிஸ்பனில் நள்ளிரவு உறங்கி ஏழரைக்கு விழிப்பதென்பது, சென்னையில் நாலரைக்கு உறங்கி நண்பகலில் விழிப்பது. பல்லாவரத்தில் கடன் வாங்கி வீடு கட்டிவிட்டு, இத்தனை ஆண்டுகளும் லிஸ்பனில் குடியிருந்திருக்கிறேன்.

வெயில் ஏறுவதற்குள் ஆற்றங்கரைக்கு இறங்கினோம். கொமெர்சியோ சதுக்கத்தைக் கடந்து கரையோரமாகவே நடந்தால் காய்ஷ் டு சொத்ரே வருகிறது. அங்கே ஒரு பொதுக் கடிகாரம் நிற்கிறது. அதில் 'ஓரா லெகால்' என்று எழுதியிருக்கிறார்கள். சட்டப்படியான நேரம் என்று பொருள். அம்மா தன் கைக்கடிகாரத்தை இன்னும் திருத்தியிருக்கவில்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்த மகள், "அப்பா, உங்களுக்கு மட்டும் இந்தக் கடிகாரம் கரெக்டா இருக்கு" என்றாள்.

ஷியாதோவில் எ பிரசிலெய்ரா என்ற பழைய காப்பிக்கடையின் வாசலில் பெர்னாண்டோ பெசோவா வெண்கலமாக உட்கார்ந்திருக்கிறார். பகலில் வணிக நிறுவனங்களின் கடிதங்களை மொழிபெயர்த்துப் பிழைத்தவர். எழுத்திலோ தனித்தனிப் பெயரும் வாழ்க்கை வரலாறும் கொண்ட பல கவிஞர்களாகப் பிரிந்து வாழ்ந்தவர். அவர் பக்கத்தில் ஒரு வெண்கல நாற்காலி காலியாக இருக்கிறது. மகள் அதில் ஏறி அமர்ந்துகொண்டாள். அம்மா அவளுக்குக் காவல் நின்றாள்.

எங்கள் இருவருக்கும் இடையே ஆறு மாதமாக ஒரு பேச்சு முடியாமல் கிடந்தது. பகல் பணிக்கு மாற ஒரு வாய்ப்பு வந்திருந்தது. சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதை வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பேசியிருந்தோம். அவள் எழுதியதை நான் நள்ளிரவில் படிப்பேன். என் பதிலை அவள் பேருந்தில் படிப்பாள். அன்றுதான் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

அவள் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "காலையில சூரியன் வந்தப்போ பாப்பா அவ்வளவு சந்தோஷமா இருந்தா. அப்பாவையும் எழுப்பிக் கூட்டிட்டு வந்திருக்கலாமேன்னு அவ கேக்கவே இல்லைங்க. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

ஐந்து மணிக்கு மூவரும் வாடத் தொடங்கினார்கள். 28ஆம் எண் டிராமில் இடம் கிடைத்ததும் அம்மா உறங்கிப்போனாள். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் குறுகிய படிகளில் ஏறினேன். ஆறு மணிக்கு வீடு முழுக்கத் தூக்கம். வெளியே எட்டரை தாண்டியும் வெளிச்சம் இருந்தது. உணவகங்கள் அப்போதுதான் மேசை விரித்துக்கொண்டிருந்தன. காலையில் அவர்கள் நின்ற மேட்டில் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தேன். கப்பல் போய்விட்டிருந்தது.

உடலின் கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான் நகரும் என்பார்கள். நான்காம் நாள் நால்வரும் ஒன்றாகக் கண்விழித்தோம். மீதி ஆறு நாட்களும் ஒரே வேளையில் பசித்தது, ஒரே வேளையில் தூக்கம் வந்தது. அந்த நாட்களில் எந்த அரண்மனைக்குப் போனோம் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை.

ஜூலை முதல் எனக்குப் பகல் பணி. சம்பளம் குறைந்துவிட்டது, கடன் தவணை குறையவில்லை. உடல் இன்னும் முழுதாக ஊர் வந்து சேரவில்லை. பின்னிரவு இரண்டு மணிக்கும் விழித்துக் கிடக்கிறேன். ஆறரைக்கு மகள் வந்து என் போர்வையை இழுக்கிறாள்.