வெட்டுப்பட்ட அலை

ஒலியியலில் முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருப்பவர் எதற்காக இரவெல்லாம் ஈயம் உருக்கிக்கொண்டிருக்கிறார் என்று துறை நண்பர்கள் சிலர் கேட்டுவிட்டார்கள். நேரில் சொன்ன பதில்கள் எல்லாம் பாதியில் நின்றன. முழுமையாக இங்கே எழுதிவிடுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில், ஹைதராபாத்தில் என் வாடகை அறையில், மின்கிதாருக்கான டிஸ்டார்ஷன் பெடல் ஒன்றை நானே செய்தேன். பெயர்பெற்ற பெடல்கள் பல ஆயிரம் ரூபாய். உதவித்தொகையோ ஐந்து மாதமாக வந்தபாடில்லை. நண்பர்களிடம் சொல்லிக்கொண்ட காரணம் இதுதான். உண்மையான காரணம் வேறு.

அதற்கு முந்தைய ஆண்டு அடிலாபாத் பகுதியில் கோலாமி மொழிக்கான களப்பணியில் இருந்தேன். ஒரு மூதாட்டி பேச இசைந்தார். முதலில் தாழ்ந்த குரலில் முணுமுணுப்பதுபோலப் பேசினார். அந்த ஒலியளவுக்கேற்பப் பதிவுக்கருவியின் கெயினைக் கூட்டிவைத்தேன். பிறகு அவருக்கு உற்சாகம் பிறந்தது. சிரித்தார், யாரையோ போலக் குரலெடுத்துக் கூப்பிட்டுக் காட்டினார், தொடையில் தட்டிக்கொண்டு கதை சொன்னார். நானும் கதையில் மூழ்கிப்போனேன். கருவியில் சிவப்பு விளக்கு எரிந்ததைக் கவனிக்கவில்லை. நாற்பது நிமிடப் பதிவில் பெரும்பகுதி வெட்டுப்பட்டுப் போயிற்று. 16 பிட் பதிவில் ஓர் அலை ஏறக்கூடிய உச்சம் 32767. அதற்கு மேல் எவ்வளவு உயர்ந்தாலும் அந்த எண்ணே பதிவாகும். மலைமுகட்டைச் சீவி எறிந்ததுபோல அலையின் தலை தட்டையாகிவிடும். அடுத்த முறை போனபோது அவர் இல்லை.

இனி பெடல். கிதாரின் பிக்கப்பிலிருந்து வருவது வோல்ட்டில் ஒரு சிறு பின்னம். ஒற்றை டிரான்சிஸ்டர் அதைப் பெருக்குகிறது. அதன் பின்னால், எதிரெதிர்த் திசைகளில் வைத்த இரண்டு சிலிக்கான் டையோடுகள் அலையை நிலத்தோடு இணைக்கின்றன. அலை ஏறத்தாழ 0.6 வோல்ட்டைத் தாண்டும்போது டையோடு திறந்துகொண்டு மிகுதியை நிலத்துக்கு வடித்துவிடுகிறது. மேலும் கீழும் தலை தட்டையாகிறது. நான் களத்தில் கவனக்குறைவால் செய்த அதே காரியத்தை இங்கே மூன்று ரூபாய்ப் பொருளொன்று வேண்டுமென்றே செய்கிறது. இதற்காகத்தான் உலகெங்கும் கிதார் கலைஞர்கள் பணம் கொடுக்கிறார்கள்!

இந்த ஒலி பிறந்ததும் ஒரு பழுதில்தான். நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வொரி’ பாடலைப் பதிவுசெய்தபோது, கிரேடி மார்ட்டினின் பேஸ் ஒலி சென்ற கலவைப்பலகைத் தடம் பழுதுபட்டிருந்தது. உறுமலாக வந்த அந்த ஒலியை நீக்காமல் அப்படியே விட்டார்கள். 1962இல் அதே உறுமலைத் தரும் கருவி மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதை உலகறியச் செய்தது.

பாகங்களைக் கோட்டியின் குஜராத்தி கல்லியில் வாங்கினேன். பி.சி.547 டிரான்சிஸ்டர் ஒன்று கேட்டேன். கடைக்காரர் ஐந்தை எடுத்துப் போட்டு, “முதல்முறையா அன்னா? மிச்சமும் தேவைப்படும்” என்றார். இரண்டைச் சுட்டுக் கெடுத்தபின் அவர் சொன்னது விளங்கிற்று. உறையாக அமைந்தது பழைய பிஸ்கட் தகர டப்பா. தகரத்தை நிலக்கம்பியோடு இணைக்காவிட்டால் மின்விசிறியின் இரைச்சல் முழுவதும் உள்ளே புகுந்துவிடும். இணைத்தேன்; பிறகும் கொஞ்சம் புகுந்தது.

முதல் இரவு வேலை செய்யவில்லை. கொசு இரைவதுபோல ஏதோ ஒலி மட்டும் வந்தது. மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், ஒன்பது வோல்ட் மின்கலத்தில் பாதியளவு இருக்கவேண்டிய கலெக்டர் முனையில் எட்டுக்கு அருகில் காட்டியது. பற்றவைத்த இடங்களை எல்லாம் மீண்டும் உருக்கினேன். விடியும் வேளையில்தான் தெரிந்தது: நான் பின்பற்றிய வரைபடம் 2என்3904க்கானது. அதன் தட்டை முகத்தை நம்மை நோக்கி வைத்தால் கால்களின் வரிசை எமிட்டர், பேஸ், கலெக்டர். பி.சி.547இலோ கலெக்டர், பேஸ், எமிட்டர். அதே மூன்று உறுப்புகள், தலைகீழ் வரிசை. தொடரியல் வகுப்பில் மாணவர்களுக்குச் சொற்றொடர் வரிசையை விளக்கும் ஒருவருக்கு இது நேர்ந்திருக்கக் கூடாது. திருப்பி வைத்ததும் உறுமியது. கீழ்வீட்டு அம்மா மறுநாள் காலையில் மிக்சி ஏதும் பழுதாகிவிட்டதா என்று விசாரித்தார்.

அடுத்த வாரங்கள் டையோடுகளை மாற்றிப் பார்ப்பதில் கழிந்தன. ஜெர்மானியம் சுமார் 0.3 வோல்ட்டிலேயே திறக்கத் தொடங்கும். வெட்டின் விளிம்பு மழுங்கலாக இருக்கும், ஒலியும் தாழும். சிவப்பு எல்.இ.டி.க்களை வைத்தால் வாசல் இரண்டு வோல்ட்டை நெருங்கும். மெல்ல மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் மட்டும் உறுமல். பிராட் மென்பொருளில் நிறமாலையைப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரிந்தது. இருபுறமும் சமமாக வெட்டினால் ஒற்றைப்படை ஒத்திசைகள் வலுக்கின்றன. ஒருபுறம் கூடுதலாக வெட்டினால் இரட்டைப்படைகளும் சேர்கின்றன. பாடநூலில் படித்ததுதான். ஆனால் ஒரு டையோடைப் பிடுங்கிவிட்டுத் திரையைப் பார்ப்பது வேறு அனுபவம்.

அப்போதுதான் அந்தப் பதிவின் நினைவு வந்தது. அல்லது, அது நினைவைவிட்டு அகலவே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள அப்போதுதான் துணிந்தேன். என் குரலிலேயே சொற்பட்டியல் ஒன்றைச் சுத்தமாகப் பதிந்தேன். அளவைக் குறைத்துப் பெடல் வழியே அனுப்பி மீண்டும் பதிந்தேன். டையோடின் வெட்டும் எண்முறைப் பதிவின் வெட்டும் ஒன்றல்ல. எனவே மென்பொருளிலும் அதே பட்டியலை வெவ்வேறு அளவுகளில் வெட்டி ஒப்பிட்டேன். உயிரொலிகளின் கால அளவு பெரும்பாலும் அப்படியே நின்றது. ஃபார்மன்ட் அளவீடுகள் தடுமாறின. அதுவும் எல்லா உயிர்களிலும் ஒரே மாதிரி அல்ல. வாயை அகலத் திறந்து ஒலிக்கும் ஆகாரம் இயல்பிலேயே உரத்தது. அதனால் முதலில் வெட்டுப்படுவதும் அதுவே. இகரம் பலவிடங்களில் தப்பித்தது. ஆகவே அந்தப் பதிவின் பிழை சீராகப் பரவிய பிழையன்று. சில ஒலிகளை மட்டும் அது குறிவைத்துக் கெடுக்கிறது.

நெறியாளரிடம் இதைக் காட்டினேன். முழுப் பதிவையும் விலக்கிவிடலாம் என்று முன்பு சொன்னவர் நெடுநேரம் பார்த்தார். “குறில் நெடில் இயலுக்கு வைத்துக்கொள்ளலாம். உயிரின் பண்புக்கு வேண்டாம். ஏன் என்பதை மறைக்காமல் எழுதுங்கள்” என்றார். கெயினைக் கூட்டிவைத்தவர் யார் என்பதையும் சேர்த்து அந்தப் பத்தியை எழுதிவிட்டேன். ஆய்வேட்டில் இதுவரை நான் எழுதியவற்றுள் மிகக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்ட பத்தி அது.

மூதாட்டியின் குரலைப் பெடல் வழியே ஒருபோதும் அனுப்பவில்லை. நண்பர் ஒருவர் அப்படிச் செய்து கேட்கலாமே என்றார். மறுத்துவிட்டேன்.

தகர டப்பா இப்போது மேசைக்குக் கீழே கிடக்கிறது. காலால் மிதிக்கும் சுவிட்ச் மூன்றாவது முறையாக இளகிவிட்டது. சனிக்கிழமை கோட்டிக்குப் போகவேண்டும். யாருக்காவது பாகங்கள் தேவையென்றால் சொல்லுங்கள்.